ஏர்மெயில் தாளில் சுற்றிய குண்டுகள்

நம் வயதுக்காரர்கள் நம்புவீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். என் பிள்ளைகள் நம்பவில்லை. ஓமனில், சலாலாவில் ஒரு கரீஃப் காலம் முழுக்க எங்கள் வீட்டு முற்றத்தில் துப்பாக்கிக் குண்டு வார்த்தோம். வார்த்த குண்டுகளுக்குக் காகிதம் சுற்றியவள் என் அம்மா. கரப்பான்பூச்சியைக் கண்டால் அப்பாவைக் கூப்பிடுகிற அதே அம்மாதான்.

கரீஃப் என்றால் அங்கே சாரல் காலம். குவைத்திலும் ரியாத்திலும் இருந்த நம் சொந்தக்காரர்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது, சலாலாவில் மட்டும் ராப்பகலாகத் தூறும். மொட்டை மலையெல்லாம் பச்சையாகிவிடும். கொட்டுகிற மழை கிடையாது. கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் விடவே விடாது. அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப் போகும். செருப்பில் பூசணம் பிடிக்கும். துவைத்த துணியை அம்மா இஸ்திரிப் பெட்டி வைத்துத்தான் காயவைப்பாள்.

அந்த வருஷம் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மலைக்கு ரோடு போடுகிற கம்பெனியில் அவர் இன்ஜினீயர். வகுப்பில் எல்லாரும் ஊருக்கு விமானம் ஏறிவிட, பத்து வயதில் நான் ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல விடுமுறை வரப்போவதில்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

வீட்டின் முன்பக்கம் வீட்டுக்காரர் குடும்பம், பின்பக்கம் நாங்கள். நடுவில் ஒரு முற்றம், அதில் பாதிக்குத் தகரக் கூரை. வீட்டுக்காரர் மலைக் குடும்பத்துக்காரர். தண்ணீர் லாரி ஓட்டினார். பம்பாய்க்காரர்களோடு வேலை செய்து ஹிந்தி கற்றிருந்தார். அவரோடு அவர் மனைவியும், கணவரை இழந்த அவருடைய அக்காவும் இருந்தார்கள். அந்த அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நல்ல உயரம். பின்பக்கம் தரையில் இழுபடுகிற கறுப்பு வெல்வெட் உடை. அவர் நடந்துபோன பிறகும் சாம்பிராணி வாசனை முற்றத்திலேயே நிற்கும். அரபியும் மலைப் பாஷையும் தவிர ஒரு வார்த்தை தெரியாது. அம்மா அவரிடம் தமிழிலேயே பேசுவாள். அவர் அரபியில் பதில் சொல்வார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார். பஞ்சர் கடையிலிருந்து வாங்கிய ஈயத் துண்டுகள். கார் சக்கரம் ஆடாமல் இருக்க ஓரத்தில் அடிப்பார்களே, அவை. அக்கா மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு இரும்புச் சட்டியில் அவற்றைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அழுக்குத் துண்டெல்லாம் குழைந்து, மேலே சாம்பல் நிற ஆடை கட்டியது. அக்கா தேன்மெழுகில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டார். குப்பென்று தீ எழும்பி அடங்கியது. கரண்டியால் அந்த ஆடையை ஒதுக்கினார். அடியில் நிலா மாதிரி ஒரு வெளிச்சம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

குண்டு வார்க்கிற அச்சு பாக்குவெட்டி மாதிரி இருந்தது, இரண்டு மரக் கைப்பிடியோடு. ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, ஒரு தட்டுத் தட்டித் திறந்தால் என் கட்டைவிரல் அளவில் பளபளவென்று ஒரு குண்டு துணிமேல் விழும். அச்சு சூடாகிற வரைக்கும் விழுகிறதெல்லாம் சுருக்கம் விழுந்து வரும். அவற்றை அக்கா திரும்பச் சட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார். சுருக்கமில்லாத முதல் குண்டு விழுந்ததும் சபாஷ் என்கிற மாதிரி என்னைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எதற்காக இதெல்லாம் என்று வீட்டுக்காரர் அப்பாவிடம் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் கரீஃப் முடிகிற சமயத்தில் மலையில் இரண்டு குடும்பங்கள் கூடிக் குறி சுடும். ஒன்று அவர்கள் குடும்பம், மற்றது அவருடைய மனைவியின் அண்ணன்மார் குடும்பம். இவர்களிடம் இருந்தது அவருடைய அப்பாவின் பழைய மார்ட்டினி துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். அதற்குக் கடையில் தோட்டா கிடைக்காது, வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் அதை நேராகச் சுடக்கூடியவர் அக்கா ஒருவர்தான். போன வருஷம் அவர் சுட்ட மூன்று குண்டும் எங்கெங்கோ போய் விழுந்தன. "துப்பாக்கி செத்துப்போச்சு, அதோட சேர்ந்து கிழவியும்" என்று எதிர்ப்பக்கம் ஒருவன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அக்கா மலைக்கே போகவில்லை. சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட.

"காகஜ் கராப் ஹை, முஹந்திஸ்," என்றார் வீட்டுக்காரர். அப்பாவை அவர் முஹந்திஸ் என்றுதான் கூப்பிடுவார், இன்ஜினீயர் என்று அர்த்தம். காகிதம்தான் சரியில்லை. வெறும் ஈயம் குழாய்க்குள் உரசி அப்பிக்கொள்ளும். அதனால் குண்டைச் சுற்றி இரண்டு சுற்றுக் காகிதம் ஒட்ட வேண்டும். வெடித்து வெளியே வந்ததும் காகிதம் கிழிந்து பறந்துவிட வேண்டும், குண்டு மட்டும் சுத்தமாகப் போக வேண்டும். பறக்காமல் ஒட்டிக்கொண்டால் குண்டு குடிகாரன் மாதிரிப் போகும்.

இதையெல்லாம் இரண்டு நாளாகச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா மூன்றாம் நாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா என் பழைய நோட்டுத் தாளை வெட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றைக் கையில் வாங்கி, நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"இங்க பாருங்கக்கா, முனை ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. ஒரு பக்கம் தடிப்பா இருந்தா எப்படி நேராப் போகும்?"

அக்காவுக்கு என்ன புரிந்ததோ, கத்தரிக்கோலை நீட்டினார்.

அம்மா தாளைச் சாய்வாக வெட்டினாள். ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் துணி வெட்டுவாளே, அதே மாதிரி. இரண்டு முனையும் சாய்வாக இருந்ததால், சுற்றி முடித்தபோது ஒன்று மற்றதன்மேல் ஏறாமல் பக்கத்தில் போய்ச் சரியாகப் பொருந்தியது. ஈரம் தொட்டு, திரி திரிக்கிற மாதிரி ஒரே உருட்டு. அடியில் மிஞ்சிய தாளை முறுக்கி மடித்தாள். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தார்.

"யா உக்தி," என்றார். என் தங்கையே என்று அர்த்தம். அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பாயில் ஒரு இடம்.

அன்று சாயங்காலம்தான் எனக்கு அந்த விஷயமும் தெரிந்தது. காலேஜில் அம்மா என்சிசியில் இருந்திருக்கிறாள். ரைபிள் சுட்டிருக்கிறாள். டெல்லி முகாமுக்குப் பெயர் வந்த வாரம்தான் அப்பாவின் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்களாம்.

"சுட்டியா? நிஜமாவா? குறி தவறாமயா?" என்று நான் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"அதெல்லாம் ஒரு காலம். சும்மா இரு," என்றாள். ஆனால் முகம் சிவந்திருந்தது. சந்தோஷத்தில்தான்.

பிறகு வந்த வாரங்கள் முழுக்கத் தாள் வேட்டை. நோட்டுத் தாள் உருட்டும்போதே கிழிந்தது. அப்பாவின் டிரேசிங் தாள் விறைப்பு, மடிய மாட்டேன் என்றது. பலகாரக் கடை எண்ணெய்த் தாள் ஈரமே இழுக்கவில்லை. கடைசியில் அம்மா அலமாரியைத் திறந்து தன் ஏர்மெயில் பேடை எடுத்தாள். உங்களுக்கு ஞாபகமிருக்கும், மெல்லிய நீலத் தாள், தொட்டால் சரசரவென்று சத்தம் கேட்கும். வாரம் தவறாமல் ஊருக்கு எழுதுவாள். அந்தப் பேடை என்னைத் தொடவிட மாட்டாள். அதிலிருந்து முதல் தாளைக் கிழித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாள் நனைந்து குண்டோடு ஒட்டியது, காய்ந்ததும் தோல் மாதிரி இறுகியது. நான் வெட்ட, அம்மா உருட்ட, அக்கா சரிபார்க்க, வரிசையாக நீலச் சட்டை போட்ட குண்டுகள்.

மேலே பூசுவதற்கு அவர்கள் ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலப்பார்கள். கொழுப்பை அம்மா தொட மாட்டேன் என்றுவிட்டாள். கொழுப்புக்குப் பதில் எங்கள் வீட்டு நெய்யைக் கொண்டுவந்தாள். அக்கா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, சிரித்து, தலையாட்டினார். தோட்டாவில் மருந்து அடைப்பதை மட்டும் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்வார். அந்தப் பக்கம் எங்களை விட மாட்டார்.

இதில் பெரிய வேடிக்கை வீட்டுக்காரரின் மனைவி. எதிரணி அவருடைய சொந்த அண்ணன்மார். அவர் டீ கொண்டு வந்தால் நாங்கள் தாளை எல்லாம் பாய்க்கு அடியில் ஒளிப்போம். "நான் ஒற்றுக்காரி, நான் ஒற்றுக்காரி" என்று அவரே அரபியில் பாடிக்கொண்டு வருவார்.

அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மலைக்காரங்க வச்சிருப்பாங்க, அவங்களுக்குப் பர்மிட் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? ஒரு ஃபேமிலி விசா இருக்கு. விசா குடுத்த கஃபீல் காதுல விழுந்தா கலாஸ், மூணு பேரும் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்," என்பார். நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். ஒரு கையெழுத்தில் வீடு, வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் தொங்கும்போது ஒரு மனிதன் எப்படித் தூங்குவான் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது!

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அக்கா கடைசிச் சட்டி ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார். அப்பா சைட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். குடையைப் பிடித்தபடி நேரே முற்றத்துக்குள் அம்மாவிடம் வந்தார்.

"போதும்! இத்தோட நிறுத்து. எழுந்திரு நீ, உள்ள வா!"

கையை ஓங்கி வீட்டைக் காட்டினார். குடை சாய்ந்தது. அதன் கம்பி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டிக்குள் விழுந்தது.

உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தேன். டமாரென்று ஒரு சத்தம். சட்டியிலிருந்து ஈயம் மேலே சீறியது. எனக்கு முன்னால் அக்காவின் இடது கை வந்து என் முகத்தைத் தள்ளியது மட்டும் தெரியும். நான் மல்லாந்து விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அக்கா அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். புறங்கையில் வெள்ளி வெள்ளியாக ஈயம் ஒட்டியிருந்தது. சத்தம்கூடப் போடவில்லை. அம்மாதான் அலறினாள்.

அப்பாதான் வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம், "கூரை ஒழுகியிருக்கு. தகரத்துல ஓட்டை. கூரைத் தண்ணிதான்," என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் காலம் வரைக்கும் அப்படித்தான் சொன்னார். அம்மா ஒரு தடவைகூட அவரைத் திருத்தவில்லை. நான் அப்போது அதை அம்மாவின் பயம் என்று எடுத்துக்கொண்டேன். அது பயம் இல்லை என்று புரிய எனக்கே கல்யாணமாகி இருபது வருஷம் ஆக வேண்டியிருந்தது.

கைக்குப் பெரிய கட்டு. விரல் மடங்காது. "மாஃபி, இந்த வருஷம் இல்லை," என்றார் வீட்டுக்காரர். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏற்கெனவே சுற்றி வைத்த குண்டுகளும் சாரல் ஈரத்தில் காயாமல் தட்டில் நமுத்துக் கிடந்தன. அம்மா அவற்றைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஒரு மரப் பெட்டியோடு வந்தார். சைட்டில் தச்சரை வைத்து அவரே அடிக்கச் சொன்னது. உள்ளே கம்பி வலைத் தட்டு, அடியில் ஒரு பல்பு, பக்கத்தில் காற்றுப் போகத் துளை. முற்றத்தில் வைத்துப் பிளக்கைச் சொருகினார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"இதுல வச்சா ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். அந்தம்மா சுடுறாங்களோ இல்லையோ, செஞ்சதை ஏன் வீணாக்கணும்?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நிஜமாகவே ஓடினாள்!

போட்டியன்று மூன்று வண்டிகளில் மலையேறினோம். அப்பாவும் வந்தார், டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு. அக்கா வரமாட்டேன் என்றார். அம்மா அவர் காதில் தமிழில் என்னவோ சொன்னாள். வந்தார். மேலே போகப் போக மேகம் வண்டிக்குள்ளேயே வந்தது. ரோட்டில் ஒட்டகங்கள் நனைந்துகொண்டு நின்றன. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கண் கூசியது.

ஒரு பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் எல்லாரும் கூடியிருந்தார்கள். எதிர்ச் சரிவில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல், இங்கிருந்து பார்த்தால் தேங்காய் அளவு. மூடுபனி திரை மாதிரி மூடும், திறக்கும். திறந்திருக்கும்போதே சுட்டுவிட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வீட்டுக்காரரின் பெரிய மச்சான் சுட்டார். மூன்றில் இரண்டு கல்லில் பட்டன. ஒரே ஆரவாரம். நம் ஒற்றுக்காரியும் எழுந்து நின்று குலவையிட்டார். வீட்டுக்காரர் முறைத்தார்.

அடுத்தது எங்கள் முறை. வீட்டுக்காரர் துப்பாக்கியை அம்மாவிடம் நீட்டினார். என்சிசி விஷயத்தை நான்தான் அவரிடம் உளறியிருந்தேன்.

"சிஸ்டர், நீ சுடு."

அம்மா துப்பாக்கியை வாங்கினாள். அதன் கனத்தில் கை தாழ்ந்தது. ஒரு தடவை தோளில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தாள்.

"இது அவங்க அப்பா துப்பாக்கி. அவங்கதான் சுடணும்."

அக்கா கட்டுப் போட்ட கையைக் காட்டினார். முன்பக்கத்தைத் தாங்க முடியாது. கல்லின்மேல் சாய்த்துச் சுடக் கூடாது என்பது அங்கே விதி. மச்சான் உடனே, "கல் கூடாது!" என்று கத்தினார்.

அம்மா அக்காவுக்கு முன்னால் போய்ப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். தன் வலது தோளைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வைங்கக்கா. நான் கல்லு இல்லை."

அப்பா அதை ஹிந்தியில் சொல்ல, வீட்டுக்காரர் அரபியில் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. மச்சான் யோசித்தார், தாடியைத் தடவினார், கையை விரித்தார். சரி.

குழாய் அம்மாவின் தோளில் வந்து உட்கார்ந்தது. பனி திறந்தது. படீரென்று வெடித்தது. அதை வெடிச்சத்தம் என்று சொன்னால் போதாது, மலையே தும்மிய மாதிரி இருந்தது. வெள்ளைப் புகை எங்களை மூடியது. புகைக்குள் நெய் வாசனை! அப்புறம் அதிலிருந்து நீலமாக என்னவோ மிதந்து வந்து புல்லில் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். ஏர்மெயில் தாள். சுத்தமாகக் கிழிந்து, சின்னச் சின்ன இதழாக.

"கிழிஞ்சிடுச்சு! பறந்துடுச்சும்மா!" என்று குதித்தேன்.

ஆனால் குண்டு கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மண்ணைக் கிளப்பியிருந்தது. படவில்லை. இருந்தாலும் நேராகப் போயிருந்தது. அதைப் பார்த்து மச்சானின் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அவசரப்படாதீங்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்க," என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். வார்த்தை அக்காவுக்குப் புரிந்திருக்காது. அம்மாவின் தோள் ஏறி இறங்குவது குழாய் வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். தோள் நின்றது. அக்காவும் நின்றார். படீர்! கல்லிலிருந்து சுண்ணாம்பு புஸ்ஸென்று பறந்தது. நான் கத்தினேன், வீட்டுக்காரர் கத்தினார், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடி சக்கை!" என்று கத்தினார்.

பனி மூடிவிட்டது. காத்திருந்தோம். அம்மாவின் கால் மரத்துப்போயிருக்கும், அசையவே இல்லை. கொஞ்சம் விலகியது, கல் பாதி தெரிந்தது. மூன்றாவது குண்டு. கல் உருண்டு விழுந்தது!

இரண்டுக்கு இரண்டு, சமம். சமம் என்றார்களே தவிர, அந்தப் புல்வெளியில் யார் ஜெயித்தது என்று எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் கிழவி என்று சொன்னவன் எங்கேயோ பின்னால் போய் நின்றுகொண்டான். பெரிய மச்சான் நேராக அம்மாவிடம் வந்து, ஹிந்தியில் மரியாதையாக, அது என்ன காகிதம், எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அம்மாவுக்கு இரண்டு காதும் அடைத்திருந்தது. "ஆங்? ஆங்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, "தேங்க்யூ, தேங்க்யூ!" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொண்டுவந்ததில் ஒரு தோட்டா மிச்சமிருந்தது. உருண்ட கல்லை ஒரு பையன் திரும்ப நிமிர்த்தி வைத்தான். அக்கா தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை அம்மாவிடம் நீட்டினார். போட்டி முடிந்துவிட்டது, இது சும்மா.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"உக்காந்து சுடு. நின்னு சுட்டா தூக்கிப் போட்டுரும்," என்றார் அப்பா.

அவள் காதில் அது விழவில்லை. அல்லது விழாத மாதிரி இருந்துவிட்டாள். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, காலை அகட்டி, நின்றாள். நான் அதுவரை பார்த்திராத ஒருத்தி அங்கே நின்றாள். கன்னம் கட்டையில் பதிந்தது. பாதி மூச்சு விட்டாள். படீர்!

துப்பாக்கி அவளை இரண்டடி பின்னுக்குத் தள்ளி, ஈரப் புல்லில் பொத்தென்று உட்காரவைத்தது. கொண்டை அவிழ்ந்துவிட்டது. புகை விலகுவதற்குள் மேலேயிருந்து பனி இறங்கி, எதிர்ச் சரிவையே அழித்துவிட்டது. கல் இருந்த இடம் தெரியவில்லை, மலையே தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அம்மா சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள், என் வயதுப் பெண் மாதிரி. காது கேட்காததால் ஊருக்கே கேட்கிற குரலில் கத்தினாள்:

"பட்டுச்சா? என்னங்க, பட்டுச்சா?"

அப்பா அந்த வெள்ளைச் சுவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேட்டைக்காரர் மாதிரிக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து இன்னொரு தடவை பார்த்தார். ஓடிவந்து அவள் பக்கத்தில் மண்டிபோட்டு, காதருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கத்தினார்:

"பட்டுச்சு! நடுவுல! நான் பார்த்தேன்!"